நாலு பாட்டில், ஐந்து கும்பிடுபூச்சி: ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை

முதலில் வீட்டு நல்ல செய்திகளைச் சொல்லிவிட்டு ஊர் சுற்றக் கிளம்புவோம். பெரிய பேரன் வங்கித் தேர்வில் முதல் தடவையிலேயே தேறி ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவன் தங்கை பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு நூறு. கடைக்குட்டி நீச்சலில் மாவட்டத்திலேயே இரண்டாவது. முதலாவதாக வந்த பையன் இவனைவிட இரண்டு வயது பெரியவன் என்பதையும் சேர்த்துப் படிக்கவும். என் மகள் வளர்மதி தலைமையாசிரியை ஆகிவிட்டாள். அவளுடைய மகள் யாழினி பூச்சிகளை ஆராய்ச்சி செய்ய மலேசியா போயிருக்கிறாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இந்த வலைப்பூவில் எழுத்துப் பிழை இருந்தால் அது என்னுடையது. பெருமை கொஞ்சம் அதிகமாக இருந்தால் அதுவும் என்னுடையதுதான்.

போன வாரம் யாழினி மலேசியாவிலிருந்து பேசினாள். அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேர் சென்னைக்கு வருகிறார்களாம், கும்பிடுபூச்சி பார்க்க வேண்டுமாம். "ஆயா, நீயும் அம்மாவும் அன்னிக்குப் போன ரூட்டை அப்படியே எழுது" என்றாள். எழுதிவிட்டேன். அது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை. வளர்மதி அப்போது ஒன்பதாம் வகுப்பு. நாங்கள் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம்.

அந்தப் பயணம் ஏன் வந்தது என்று சொன்னால்தான் விளங்கும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. வளர்மதி எடுத்துக்கொண்ட தலைப்பு கும்பிடுபூச்சி. நூலகத்திலிருந்து ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்து பக்கம் பக்கமாகப் படம் வரைந்தாள். உலகத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் வகை இருக்கிறதாம். மலேசியாவில் ஒன்று வெளிர் சிவப்புப் பூவைப் போலவே இருக்கும். மடகாஸ்கர் தீவில் ஒன்று காய்ந்து சுருண்ட இலை. ஆப்பிரிக்காவில் ஒன்று இறக்கையில் பெரிய கண் வரைந்து வைத்துக்கொண்டு எதிரியை மிரட்டும். எல்லாம் ஒளிந்து பிழைக்கும் வித்தை. இவ்வளவும் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கண்காட்சிப் படிவத்தில், 'உங்கள் பகுதியில் காணப்படும் வகைகள் எத்தனை?' என்று ஒரு கேள்வி இருந்தது. வளர்மதி என்னைக் கேட்டாள். நான் குழாயடியில் கேட்டு வந்து சொன்னேன். அங்கேதான் தப்பு நடந்தது.

எங்கள் குவார்ட்டர்ஸில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்காரர்களும் உண்டு. நான் கும்பிடுபூச்சி என்பேன். திருநெல்வேலி அக்கா பெருமாள் பூச்சி என்றார். கோயம்புத்தூர் அம்மா தயிர்க்கடைப் பூச்சி என்றார். மதுரைக்காரம்மா இடையன் பூச்சி என்றார். நாலு பேர் நாலு சொன்னார்கள். நான் வீட்டுக்கு வந்து, "நாலு வகைன்னு எழுதிக்கோடி" என்றேன். அவளும் நான்கு பெயரையும் அழகாக வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அறிவியல் டீச்சர் அவளை அழைத்து, "திங்கட்கிழமை கண்காட்சியில நாலு வகையும் உயிரோட மேஜையில இருக்கணும். நடுவர் எண்ணிப் பார்ப்பாங்க. இல்லேன்னா உன் பேரை எடுத்துடுவேன். இல்லாததை எழுதினா பள்ளிக்கூடத்துக்குத்தான் கெட்ட பேர்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நான் மூன்று பெண்களிடமும் ஆளுக்கொரு ஊறுகாய் பாட்டிலைக் கொடுத்து அவரவர் பூச்சியைப் பிடித்துத் தரச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். நான் பிடித்த கும்பிடுபூச்சியையும் சேர்த்து நாலு பாட்டிலையும் வாசற்படியில் வரிசையாக வைத்தேன். நாலிலும் அதே பச்சைப் பூச்சி.

"இது பெருமாள் பூச்சில்லா. கைகூப்பிட்டு நிக்கது தெரியலியா? அதுவும் புரட்டாசியில போய் பாட்டில்ல அடைச்சு வச்சிருக்கியே" என்றார் திருநெல்வேலி அக்கா.

"ஏனுங்க, கைய இப்படி இப்படி ஆட்டுதே, தயிர் கடையறாப்புல இல்லீங்களா?" என்றார் கோயம்புத்தூர் அம்மா.

"ரெண்டும் இல்லத்தா. கம்பூன்றிக்கிட்டு ஆடு மேய்க்கிறவன் நிக்கிற மாதிரி நிக்குது பாரு. இடையன்தேன்" என்றார் மதுரைக்காரம்மா.

மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, வளர்மதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவைத் தட்டினேன். "இன்னாத்துக்குடி அழுவுற? தப்பு என்னுது. நாளைக்கு ஒரு நாள் கீது. நாலு வகை எழுதினோம், நாலு வகை புடிச்சுக்கினு வருவோம்" என்றேன்.

"எங்கம்மா இருக்கும்? புக்குல படம்தான் இருக்கு. நம்ம ஊர்ல எங்க இருக்குன்னு போடலியே" என்றாள்.

"ஒளிஞ்சுகினு கீறத எங்க கீதுன்னு எழுதி வச்சா, அப்புறம் அது ஒளிஞ்சு இன்னா புண்ணியம்?" என்றேன். சிரித்துவிட்டாள். ஒரு பச்சையை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் செடியில் விட்டோம். இரண்டை ஒரே பாட்டிலில் போட்டால் ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடும் என்பது புத்தகத்திலேயே இருந்தது.

ஞாயிறு காலை 6.20-க்கு ஆவடியில் பூந்தமல்லி பஸ் ஏறினோம். பத்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், தலைக்கு ஒன்றேமுக்கால் ரூபாய். கையில் ஒரு துணிப்பை. அதில் ஒப்பிட்டுப் பார்க்கப் பச்சை இருந்த பாட்டில், மூன்று காலி பாட்டில், வாயைக் கட்ட வெள்ளைத் துணி, எட்டு இட்லி, புத்தகம். பூந்தமல்லியில் பஸ் மாறித் திருமழிசை. அங்கிருந்து குத்தம்பாக்கம் ஐந்து கிலோமீட்டர் நடை. வாடகை சைக்கிள் எடுத்திருக்கலாம், எனக்கு ஓட்டத் தெரியாது. எட்டரைக்கு ஏரிக்கரைக்குப் போய்விட்டோம். அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன்பு அந்தப் பக்கத்து வயல்களில் நான் களை பறித்திருக்கிறேன். ஏரிக்கரையில் இடுப்புயரப் புல் இருக்கும் என்று தெரியும்.

முக்கால் மணி நேரம் புல்லையே பார்த்தோம். புல்தான் தெரிந்தது. மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அருவாளோடு வந்து நின்றார்.

"இன்னாம்மா தொலைச்சிட்ட? கம்மலா?"

"இல்ல நைனா. பூச்சி தேடுறோம்."

"பூச்சிக்கு மருந்தடிக்க வர்றவன பாத்துகிறேன். பூச்சியத் தேடிகினு பஸ் ஏறி வந்தவள இப்பதான் பாக்குறேன்" என்றார். போகும்போது, "சீக்கிரம் புடிச்சுக்கோ. நான் அந்தப் பக்கத்துலேர்ந்து அறுத்துகினே வரேன்" என்று பயமுறுத்திவிட்டும் போனார்.

அப்போதுதான் எனக்குக் களை பறித்த ஞாபகம் வந்தது. நாற்றுக்கு நடுவே நெல்லைப் போலவே வளரும் ஒரு புல் உண்டு. அதைத் தேடிப் பார்த்தால் அகப்படாது. பயிர் மொத்தத்தையும் ஒரே பார்வையாகப் பார்த்துக்கொண்டு, எது மட்டும் சேராமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதேபோல் நின்றேன். காற்று அடித்தது, எல்லாப் புல்லும் ஆடியது. காற்று நின்றது, எல்லாப் புல்லும் நின்றது. ஒரே ஒரு புல் மட்டும் நிற்காமல் இன்னும் இரண்டு ஆட்டம் ஆடியது.

"வளரு, அந்தப் புல்ல புடிடி!"

"எந்தப் புல்லும்மா?"

"ஆடுதே, அது!"

விரல் நீளத்துக்கும் மேலே, ஈர்க்குச்சி கனம்கூட இல்லாத ஒரு கும்பிடுபூச்சி. கால்களை முன்னே நீட்டிப் புல்லோடு புல்லாகக் கிடந்தது. காற்றில் ஆடுவதுபோல நடிக்கத் தெரிந்த அதற்கு, நடிப்பை எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. அதையும் அது நின்ற புல்லையும் ஒரு கைப்பிடி சேர்த்தறுத்துப் பாட்டிலில் வைத்தோம். மணி 9.40. இரண்டு வகை ஆயிற்று.

மூன்றாவது சிரமமே இல்லாமல் அகப்பட்டது. பகல் பதினொன்றரைக்குப் பூந்தமல்லியில் அம்பத்தூர் எஸ்டேட் பஸ்ஸுக்காக ஒரு புளியமரத்தடியில் நின்றோம். இட்லி சாப்பிட்டுவிட்டு வளர்மதி மரத்தில் சாய்ந்தாள். சாய்ந்த இடத்துக்குப் பக்கத்தில் பட்டையில் ஒரு துண்டு கிடுகிடுவென்று மேலே ஓடியது. தட்டையாக, பழுப்பும் சாம்பலுமாக, மரப்பட்டையைப் பெயர்த்துக் கால் வைத்தது போல இருந்தது. ஓடாமல் இருந்திருந்தால் நாங்கள் அதன்மேலேயே சாய்ந்திருப்போம். வளர்மதி பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துவிட்டாள். அவசரத்தில் துணியை நான்தான் கட்டினேன். சரியாகக் கட்டவில்லை.

12.10-க்கு பஸ் வந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர், இரண்டு ரூபாய். கண்டக்டர் பாட்டில்களைப் பார்த்தார்.

"இன்னாமா, ஊறுகாயா?"

"பூச்சி."

"பூச்சிக்கு டிக்கெட் எடுத்தியா?"

"அது குந்தலியே அண்ணே. நின்னுகினுதான வருது."

அவர் குனிந்து பச்சையைப் பார்த்தார். "கும்பிட்டுகினு வேற வருது. இத்தினி மரியாதியா எவனும் என்கிட்ட டிக்கெட் கேட்டதில்லமா" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது.

வானகரத்தில் ஒரு மாடு குறுக்கே வந்து டிரைவர் பிரேக் போட்டார். என் மடியிலிருந்த பாட்டில் உருண்டது, துணி அவிழ்ந்தது, புளியமரத்துப் பூச்சி மாயமாகிவிட்டது. ஒருவர் காலைத் தூக்கினார். ஒரு பெண் சீட்டின்மேலேயே ஏறி நின்றுகொண்டு, "யம்மா, கடிக்குமா?" என்றாள். வளர்மதியின் முகம் சுண்டிப்போயிற்று. "யாரும் மிதிச்சுடாதீங்க, நாளைக்கு எனக்குக் கண்காட்சி" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

கண்டக்டர் விசில் ஊதினார். "அண்ணாத்தே, ஒரு நிமிசம் ஓரங்கட்டு. பூச்சி எறங்கணுமாம்!"

பஸ் நின்றது. எல்லாரையும் ஆடாமல் இருக்கச் சொன்னேன். மரப்பட்டை நிறத்தில் அந்த பஸ்ஸுக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். கண்டக்டரின் தோல் பை. பழைய பை, ஓரத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. அந்த ஒட்டுக்கு இரண்டு கண் இருந்தது.

"அண்ணே, ஆடாம நில்லுங்க. உங்க பை மேலதான் கீது."

மனிதர் சிலையாகிவிட்டார். "சில்லறை தின்னுமா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார். வளர்மதி பாட்டிலை மெல்ல வைத்து மூடினாள். இந்த முறை துணியை அவரே இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். இறங்கும்போது, "பாப்பா, பிரைஸ் வாங்கலேன்னா இந்த வண்டியில ஏறாத" என்றார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இறங்கும்போது மணி ஒன்று. பச்சை, புல், பட்டை மூன்றும் வந்துவிட்டன. நாலாவது சருகு மாதிரி இருக்கும் வகையாக இருக்கலாம் என்று வளர்மதி புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். தென்னிந்தியாவில் காய்ந்த புதர்களில் உண்டு என்று ஒரு வரி இருந்தது. எஸ்டேட்டில் கம்பெனிகளுக்கு நடுவே காலி மனைகளில் புதர்தான் புதர். ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் எங்களைத் தடுத்தார்.

"ஞாயித்துக்கெழம லீவுமா. வேலைக்கு ஆள் எடுக்கல."

"எங்களுக்கு வேலை வாணாம்பா. பக்கத்துல அந்தப் பொதர்தான் வோணும்."

"பொதர்ல பாம்பு கீது."

"இருக்கட்டும். அது எங்க லிஸ்ட்ல இல்ல."

மூன்று மணிவரை தேடினோம். நல்ல வெயில், இலை அசையவில்லை. காற்றில்லாத இடத்தில் என் வித்தை எடுபடவில்லை. வளர்மதி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "போலாம்மா. மூணுதான்னு டீச்சர்கிட்ட உண்மையச் சொல்லிடுறேன். பேரை எடுத்தா எடுக்கட்டும்" என்றாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னாள். எழுதச் சொன்ன வாய் என்னுடையது, தலைகுனிய வேண்டியது அவள்.

அப்போது ஒரு லாரி வந்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறக்க, லாரி எங்களை உரசிக்கொண்டு உள்ளே போனது. புழுதியும் காற்றுமாகப் புதர் முழுக்கச் சலசலத்தது. லாரி போய்விட்டது. சருகெல்லாம் அடங்கியது. ஒரு சருகு அடங்கவில்லை.

கையை மட்டும் நீட்டினேன். வளர்மதி எழுந்து கிட்டே போனாள். ஒல்லியாக நீண்ட கழுத்து, அதன் நுனியில் வீணைத் தலை மாதிரி கூம்பிய முகம், காலெல்லாம் கிழிந்த இலைத் துண்டுகள். "அம்மா... இதுக்குக் கண்ணு கீதும்மா!" என்று கத்தினாள். குவார்ட்டர்ஸ் பள்ளிக்கூடத்தில் நல்ல தமிழ் பேசும் பிள்ளை, அன்றைக்குத்தான் என் தமிழில் கத்தினாள். வாட்ச்மேன் ஓடி வந்து, "பாம்பா?" என்றார். பூச்சியைக் காட்டியதும், "ஆறு வருசமா இந்தப் பொதர் எதிர்லதான் குந்திகினு கீறேன், ஒரு நாள் கண்ணுல படலியே" என்று தன்மேலேயே கோபித்துக்கொண்டார்.

அம்பத்தூர் ஸ்டேஷனில் 5.05 மின்சார ரயில். கால் மணி நேரத்தில் ஆவடி. மடியில் இரண்டிரண்டு பாட்டிலாக வைத்துக்கொண்டு ராணிகள் மாதிரி உட்கார்ந்து வந்தோம்.

திங்கட்கிழமை கண்காட்சிக்கு நானும் போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான். ஒரு கல்லூரிப் பேராசிரியை நடுவராக வந்திருந்தார். வளர்மதி ஒவ்வொரு பாட்டிலாகக் காட்டி, எது எதற்குள் ஒளிகிறது என்று தடங்கலில்லாமல் சொன்னாள். நாலு பெயர் எழுதியது தப்பு, அது ஒரே பூச்சிக்கு நாலு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் என்பதையும் அவளே சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டு எண்ணினார். "நாலு பேர் தப்பு. நாலு வகை சரி" என்று படிவத்தில் கையெழுத்துப் போடப் போனார்.

நான் புல் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுத்த புல்லோடு ஒரு கறுப்பு எறும்பும் வந்துவிட்டிருந்தது. காலையிலேயே பார்த்தேன், எறும்புதானே என்று விட்டுவிட்டேன். இப்போது அந்த எறும்பு புல் நுனியில் நின்று ஆடியது. எறும்பு ஓடும், ஊரும். நின்று ஆடுகிற எறும்பை நான் பார்த்ததில்லை.

"அம்மா, கையெழுத்துப் போடாதீங்க. அஞ்சு கீது" என்றேன்.

வளர்மதி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். பேராசிரியை பூதக்கண்ணாடியை எடுத்தார். எறும்பு இரண்டு முன்னங்கையையும் மார்போடு மடக்கி அவரைப் பார்த்துக் கும்பிட்டது. எறும்பு வேஷம் போட்ட கும்பிடுபூச்சிக் குஞ்சு. இந்த நாலில் எதனுடையதும் இல்லை, வேறு வகை என்றார் அவர்.

"ராத்திரி பூரா அந்தப் பெரிய பூச்சியோட ஒரே பாட்டில்ல இருந்திருக்கு. ஏன் அது இதைத் தின்னலை?" என்று அவர் வளர்மதியைக் கேட்டார்.

"எறும்பு கடிக்கும், புளிக்கும்னு பெரிய பூச்சிகள் தொடாது மேடம். இதை எறும்புன்னே நம்பிடுச்சு. சொந்தக்காரங்களையே ஏமாத்திடுச்சு" என்றாள் வளர்மதி. அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த நிமிஷத்தில் தானாக யோசித்துச் சொன்னாள். பேராசிரியை படிவத்தில் நான் எழுதச் சொன்ன நாலை அடித்துவிட்டு, பக்கத்தில் ஐந்து என்று எழுதினார். முதல் பரிசு ஒரு எவர்சில்வர் டப்பா. இன்றைக்கும் எங்கள் வீட்டு உளுத்தம்பருப்பு அதில்தான் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆவணி, புரட்டாசியில் போங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சேறு. வெயில் ஏறுவதற்கு முன்பு புல்வெளி, ஏறிய பிறகு மரம், காய்ந்த புதர். குத்தம்பாக்கத்துக்கு இப்போது நடக்க வேண்டியதில்லை, புதுப் பேருந்து நிலையமே அங்கே வந்துவிட்டது. வானகரத்தில் மாடு குறைந்து கார் கூடிவிட்டது, கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் வேண்டாம், செல்போனில் படம் எடுத்துவிட்டுப் பூச்சியை அங்கேயே விட்டுவிடுங்கள். நாங்களும் செவ்வாய்க்கிழமை ஐந்தையும் வீட்டுச் செடி, ஏரிக்கரை, புளியமரம், புதர் என்று அதனதன் இடத்திலேயே விட்டு வந்தோம். மறுபடி அதே கண்டக்டர். பரிசைக் காட்டினோம், வண்டியில் ஏற அனுமதித்தார். தேடாதீர்கள், மொத்தமாகப் பாருங்கள். எது சேரவில்லையோ அதுதான். காற்று வராவிட்டால் லாரிக்குக் காத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. யாழினி மலேசியாக் காட்டிலிருந்து எங்கள் குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டிருக்கிறாள். முழுக்க வெளிர் சிவப்புப் பூக்கள். இதில் ஒன்று பூ இல்லை, கண்டுபிடியுங்கள், எங்கள் புரொபசருக்கே ஐந்து நிமிஷம் ஆயிற்று என்று சவால். ஓசூர்க்காரன் மூன்று தடவை தப்பான பூவைச் சொன்னான். கணக்கில் நூறு வாங்கியவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கலங்கலாக்கிவிட்டாள். தலைமையாசிரியை அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் சொல்லிவிட்டேன்: வலது பக்கம், கீழிருந்து இரண்டாவது. மற்ற பூவுக்கெல்லாம் இதழ் ஐந்து, அதற்கு நாலு. நாலுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கா சொல்லித் தரப் போகிறாய்? யாழினி, இது ரொம்பச் சுலபமாகக் கீது. வேற போட்டோ போடு.